கேள்வி - பதில்: சிறுவர் பைக்கின் கிளட்ச்

கேள்வி: என் ஏழு வயது மகனின் 50 சிசி டர்ட் பைக், ஆக்சிலேட்டரை முறுக்காமலேயே முன்னே நகர்கிறது. கிளட்சை எவ்வாறு சரிசெய்வது? (வாசகர், குடியாத்தம்)

பதில்: முதலில் கிளட்சைக் கழற்றாதீர்கள். கிளட்ச் லீவர் இல்லாத இத்தகைய வண்டியில், எஞ்சின் வேகம் கூடும்போது கிளட்ச் ஷூக்கள் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் உராய்வுக் கட்டைகள்) மையவிலக்கு விசையால் விரிந்து, அவற்றைச் சூழ்ந்த டிரம்மைப் பற்றிச் சக்கரத்தை இயக்குகின்றன. வேகம் குறைந்ததும் ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எனவே, ஐடில் வேகம் (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) மிகுந்திருந்தாலே வண்டி நகரும். மகனை இறக்கிவிட்டு, எஞ்சின் சூடானபின், பின்பிரேக்கைப் பிடித்தபடி கார்புரேட்டரின் ஐடில் ஸ்குரூவைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அதன் பிறகும் நகர்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம். எல்லா ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேவைக்கு மேல் கடினமான ஸ்பிரிங் வேண்டாம். கிளட்ச் தாமதமாகப் பிடித்து வண்டி திடீரெனப் பாயும், குழந்தைக்கு அது ஆபத்து. பாலாற்று மணலில் மெதுவாக ஊர்ந்து ஓட்டினால், ஷூக்கள் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கிச் சூடேறி விரைவில் தேய்ந்துவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.