அளவோடு அடித்தால் பூச்சிமருந்து நரம்பைப் பாதிக்காது என்கிறார்களே, உண்மையா?

வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிச் செடி வைத்திருப்பவர் போலத் தெரிகிறது. உங்களுக்கு அளவு உங்கள் கையில் இருக்கிறது, வேப்பெண்ணெயே போதும், விடுங்கள். எங்கள் அம்மாவுக்கு அளவு சொன்னது மண்டோர், அதாவது தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி.

மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அம்மா புல்லுக்கு மருந்தடித்தார். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. வெறுங்கையால்தான் கலக்குவார்கள், முதுகில் சுமக்கிற தோம்பு ஒழுகினால் தோல் வெந்துபோகும், நகம் கழன்று வரும், மூக்கில் ரத்தம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, மறுநாள் காலைப் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) வந்துவிடு என்பார்கள்.

இப்போது அம்மாவுக்குப் பார்க்கின்சன், கை கால் நடுங்கும் நரம்பு நோய். உடனே "மருந்துதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்க நாலு பேர் வருவீர்கள், தெரியும். எழுதிக் கொடுக்கவில்லை, தனி ஒரு ஆளைக் காட்டி அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் பாராகுவாட் மூளையில் டோபமின் சுரக்கும் செல்களை, அதாவது இந்த நோயில் அழிந்துபோகிற அதே செல்களை, அழிப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள், அதை அடித்த விவசாயிகளிடம் இந்த நோய் அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. மண்ணிலும் அது களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும்.

நீங்கள் கேட்ட பூச்சிமருந்து வேறு வகை. குளோர்பைரிபாஸை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு தசைக்குச் செய்தி அனுப்புவது அசிட்டைல்கோலின் வழியாக. வேலை முடிந்ததும் அதை உடைக்க ஒரு நொதி உண்டு, மருந்து அந்த நொதியையே முடக்கிவிடும். செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்: எச்சில் வடியும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். புழுவுக்கும் நமக்கும் அதே நொதி வேலைதான். மருந்து வாய்க்காலில் இறங்கினால் மீனும் இறாலும் போகும், பூவில் பட்டால் தேனீ போகும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. சுவிட்சர்லாந்து 1989லேயே பாராகுவாட்டைத் தடை செய்துவிட்டது. இங்கே 2002ல் தடை என்றார்கள், 2006ல் திறந்துவிட்டார்கள், முழுத் தடை வந்தது 2020ல்தான். அதற்குள் அம்மா வேலையை விட்டே பல வருஷம் ஆகிவிட்டது.