இடுப்பு எலும்பு முறிவு: முன்பக்கமா, பக்கவாட்டா, பின்பக்கமா?

கேள்வி: எங்களுக்குப் பள்ளிப்பட்டு பக்கம். அம்மாவுக்கு 76 வயது. கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு உடைந்துவிட்டது. திருத்தணியில் எடுத்த எக்ஸ்ரேவில் ‘நெக் ஆஃப் ஃபீமர், டிஸ்ப்ளேஸ்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். பாதி மூட்டு மாற்ற வேண்டும், பின்பக்கமாகத் திறப்போம் என்கிறார் அங்குள்ள டாக்டர். திருப்பதியில் பக்கவாட்டில் என்கிறார்கள். சென்னையில் இருக்கும் தம்பி, முன்பக்கமாகத் தசையை வெட்டாமல் செய்கிறார்களாம், இங்கே கூட்டி வாருங்கள் என்கிறான். சொந்தக்காரர்களோ, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்க ஆபரேஷன் எதற்கு என்கிறார்கள். அம்மா இதயத்துக்கு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ‘குளோபிடோக்ரெல்’ மாத்திரை சாப்பிடுகிறார். எதைச் செய்வது?

பதில்: புத்தூர் கட்டு இதற்கு வேண்டாம். முன்கை, மணிக்கட்டு என்றால் பத்தை வைத்துக் கட்டி எலும்பை அசையாமல் நிறுத்தலாம். இடுப்பு மூட்டோ கனத்த சதைக்கு அடியில் இருக்கிறது. வெளியே எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே பிடி கிடைக்காது. தவிர, தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள், அந்தத் தலைக்குக் கீழே உள்ள எலும்பின் கழுத்தை (நெக் ஆஃப் ஃபீமர்) ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து உடைந்து விலகும்போது (டிஸ்ப்ளேஸ்டு) பெரும்பாலும் அவையும் அறுந்துவிடும். அதனால் இந்த வயதில் அது தானாகக் கூடுவதை நம்பிக் காத்திருக்க முடியாது. காத்திருக்கும் வாரங்களில் வருவது படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி. இறுக்கிய கட்டில் தோல் கொப்பளித்துவிட்டால் ஆபரேஷனும் தள்ளிப்போகும்.

எந்தப் பக்கம் திறப்பது என்பதை விட முக்கியமானது நேரம். மருத்துவமனையில் சேர்ந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும். குளோபிடோக்ரெலுக்காக ஏழு நாள் காத்திருக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வதற்குத்தான் அந்த மாத்திரை தடை. முழு மயக்கத்தில் செய்யலாம். ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அதற்கு ரத்தம் தயாராக வைத்துக்கொள்வார்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எக்ஸ்ரே சீட்டில் ‘இன்டர்ட்ரோகான்டெரிக்’ என்று இருந்திருந்தால் பேச்சே வேறு. அது கழுத்துக்குக் கீழே உடைவது. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். ஸ்க்ரூவும் பிளேட்டுமோ (டிஹெச்எஸ்), எலும்புக்குள் கம்பியோ (பிஎஃப்என்) வைத்துச் சேர்ப்பார்கள். கழுத்து உடைந்தும் விலகாமல் இருந்தால் மூன்று ஸ்க்ரூ போதும். விலகிவிட்டதால் உங்கள் அம்மாவுக்கு மூட்டு மாற்றுவதுதான் வழி.

பாதியா, முழுசா? பந்தை மட்டும் மாற்றினால் பாதி மூட்டு, அது உட்காரும் கிண்ணத்தையும் மாற்றினால் முழு மூட்டு. 2019இல் வெளியான ‘ஹெல்த்’ ஆய்வில் 1,495 பேரைப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது முழு மூட்டில் 7.9 சதவீதம், பாதி மூட்டில் 8.3, பெரிய வித்தியாசம் இல்லை. நடையில் முழு மூட்டு சற்று மேல், ஆனால் சிக்கல்களும் சற்று அதிகம். விழுவதற்கு முன் துணையில்லாமல் கடை கண்ணிக்குப் போய்வந்தவர், நினைவு தெளிவாக இருப்பவர் என்றால் முழு மூட்டைப் பற்றிப் பேசலாம். வீட்டுக்குள் மட்டும் நடமாடியவருக்குப் பாதி மூட்டே போதும்.

செயற்கை மூட்டை எலும்புக்குள் பிடித்து நிறுத்தும் சிமென்ட் வைப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். தேய்ந்த எலும்பில் சிமென்ட் இல்லாமல் செயற்கை மூட்டின் தண்டை அடித்து இறக்கினால் எலும்பு விரிசல் விடக்கூடும். 2022இல் வந்த பிரிட்டன் ஆய்வில், பொருத்திய மூட்டைச் சுற்றி எலும்பு உடைந்தது சிமென்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதம், வைக்காதவர்களில் 2.1 சதவீதம். சிமென்ட் இறங்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். அதனால் இதய நோயாளிக்கு அந்தச் சில நிமிடங்கள் மயக்க டாக்டர் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

இனி வெட்டுக்கு வருவோம். பின்பக்கமாகத் திறந்தால் மூட்டு நன்றாகத் தெரியும், நடக்க உதவும் பக்கத்தசை தப்பும். ஆனால் மூட்டுக்குப் பின்னால் உள்ள குட்டித் தசைகளை வெட்டித்தான் உள்ளே போக முடியும். பிறகு மூட்டு பின்பக்கமாக நழுவும் ஆபத்து மற்ற இரண்டு வழிகளை விட அதிகம். வெட்டிய தசையையும் மூட்டு உறையையும் திரும்ப எலும்போடு தைத்துவிட்டால் இது நன்றாகக் குறையும். தைப்பீர்களா என்று கேட்பதில் தப்பில்லை. பக்கவாட்டில் திறந்தால் நழுவுவது குறைவு. ஆனால் பக்கத்தசையின் முன்பகுதியைப் பிரிப்பதால் அது சரியாக ஒட்டாவிட்டால் விந்தி நடப்பார். முன்பக்கத்தில் தசைகளுக்கு நடுவே புகுவதால் முதல் சில வாரங்கள் வலி குறைவாக இருக்கலாம். ஆனால் அந்த வழியில் தொடை எலும்பின் உள்ளே தண்டு இறக்குவது கடினம், கைப்பழக்கம் இல்லாதவரிடம் தேய்ந்த எலும்பு அங்கேயே உடையும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் உண்டு.

மாதக்கணக்கில் போனால் மூன்றுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். ஆகவே, அந்த டாக்டர் எந்த வழியில் அதிகம் செய்கிறாரோ அதுவே உங்களுக்கு நல்ல வழி. முன்பக்க வெட்டுக்காகவே சென்னைக்கு ஆம்புலன்ஸ் ஏற்றி இரண்டு நாளைத் தொலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு விலக்கு: பார்க்கின்சன், மறதி நோய், பழைய பக்கவாதம் இருந்தால் பின்பக்க வெட்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள், ‘இப்படி உட்காராதீர்கள்’ என்பது அவர்களுக்கு நினைவில் நிற்காது. திருப்பதி என்று முடிவானால், தமிழக முதல்வர் காப்பீட்டு அட்டை எல்லை தாண்டி அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

பின்பக்க வெட்டு என்றால் வீட்டைத் தயார் செய்யுங்கள். குறைந்தது ஆறு வாரம் தரையில் உட்காரக் கூடாது, இந்தியன் கழிப்பறை கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. உட்காரும்போது இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் மேல் நான்கு அங்குல உயர்த்தி வையுங்கள். படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. திடீரென்று வலித்து, கால் குட்டையாகி, பாதம் உள்பக்கமாகத் திரும்பினால் மூட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். இழுத்துப் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

எந்த வெட்டானாலும் மறுநாளே வாக்கர் பிடித்து முழு எடையையும் ஊன்றி நிற்க வைக்க வேண்டும். ரத்தக்கட்டி தடுக்கும் ஊசியோ மாத்திரையோ சுமார் ஐந்து வாரம் வரை தொடரலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து இருக்கிறதா பாருங்கள். பல சீட்டுகளில் கால்சியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வைட்டமின் டி அளவைச் சரிசெய்து, சிறுநீரகம் நன்றாக இருந்தால், ‘சோலெட்ரோனிக் ஆசிட்’ 5 மில்லிகிராம் ஆண்டுக்கு ஒரு முறை டிரிப்பில் ஏற்றலாம். முதல் ஊசியை ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதத்துக்குள் போட்டுவிடுவது வழக்கம்.