தினம் ஒரு அன்ன ராணி ஏன்?

கேள்வி: 'ஸ்வான் லேக்' பாலேயில் இரவுக்கு இரவு நாயகி மாறுகிறாரே, சிறந்தவர் ஒருவரையே எல்லாக் காட்சிக்கும் ஆடவிட்டால் என்ன?

பதில்: உடம்பு தாங்காது. அன்ன ராணி ஒடெட், அவளைப்போலவே தோன்றி இளவரசனை ஏமாற்றும் ஒடீல் என்ற இரண்டு பாத்திரங்களையும் பெரும்பாலும் ஒருவரே ஆடுகிறார். முதலில் மிக நிதானமான, நீண்ட சமநிலைகள். மூன்றாம் அங்கத்தில் ஒற்றைக் காலில் 32 ஃபுவெத்தே சுழற்சிகள், அதாவது மற்றக் காலைச் சாட்டைபோல வீசிச் சுழல்வது. 1895-இல் இத்தாலிய நடனக் கலைஞர் பியரினா லென்யானி ஆடியதிலிருந்து தொடரும் வழக்கம் இது. ஊன்றிய கால் ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு இறங்கி மறுபடி விரல் நுனிக்கு எழவேண்டும். கெண்டைக்கால் சோர்ந்தால் ஆடுபவர் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்துகொண்டே போவார். மறுநாளே இதைத் திரும்ப ஆடுவது காயத்தை வரவழைப்பதுதான். அதனால்தான் பெரிய குழுக்கள் பல ஜோடிகளைத் தயார்செய்கின்றன. ஜோடி சேர்ப்பதில் திறமையோடு உயரமும் பார்க்கவேண்டும்: நுனிக்காலில் எழுந்த நாயகியைவிட ஆண் கலைஞர் குள்ளமாகிவிட்டால், தலைக்கு மேல் விரல் பிடித்துச் சுழற்றும்போது நாயகி சுழலும் அச்சு சாய்ந்துவிடும்.

என் மனம் அன்னங்களாகக் குழுவாய் ஆடும் கலைஞர்களின் பக்கமே. நாயகிகள் மாறினாலும் அவர்களில் பலர் எல்லா இரவும் மேடையில் இருக்கிறார்கள். துள்ளி ஆடிய கையோடு, ஓரத்தில் வரிசையாக அசையாமல் நிற்கவேண்டும். தசை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.