கேளுங்க சொல்றோம்: ஃபிளின்ட்டை உலுக்கின டாக்டரம்மா

கேள்வி: அரபுப் பொண்ணுங்கன்னாலே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கறவங்கதான்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சுப் பேசறார். வெளிநாட்டுல குடியேறி ஊருக்காக முன்ன நின்னவங்க யாராவது இருக்காங்களா அக்கா?

பதில்: ஏன் இல்லாம? மோனா ஹன்னா-அட்டிஷா பேரைச் சொல்லுங்க. ஈராக்கியக் குடும்பம், பொறந்தது இங்கிலாந்துல, சின்ன வயசுலயே அமெரிக்கா வந்து மிச்சிகன்ல குழந்தைகள் டாக்டரானாங்க. 2014 ஏப்ரல்ல அதே மிச்சிகன்ல இருக்கற ஃபிளின்ட் நகரத்துல செலவை மிச்சம் பண்றேன்னு ஆத்துத் தண்ணிக்கு மாறினாங்க, பைப் அரிக்காம இருக்கப் போட வேண்டிய மருந்தையும் போடல, பழைய குழாய்ல இருந்த ஈயம் அப்படியே குடிதண்ணில கலந்துச்சு. ஜனங்க கலங்கின தண்ணிய பாட்டில்ல பிடிச்சுக் காட்டியும் யாரும் காதுல போட்டுக்கல. மோனா ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை ரெக்கார்டை எடுத்து, தண்ணி மாறினதுக்கு முன்னயும் பின்னயும் ஒப்பிட்டா, ஈயம் அதிகமா இருக்கற அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க 2.4 சதவீதத்துலேர்ந்து 4.9 ஆகியிருந்தாங்க! 2015 செப்டம்பர்ல பிரஸ் மீட் வெச்சுப் போட்டு உடைச்சாங்க. வீணா பீதியக் கிளப்பறாங்கன்னு அதிகாரிங்க பாய்ஞ்சாங்க (வேற என்ன சொல்வாங்க), அடுத்த மாசமே பழைய தண்ணிக்குத் திரும்ப வேண்டியதாச்சு.

குடியேறினவங்களோட மகள்களும் லேசுப்பட்டவங்க இல்ல. மிச்சிகன்ல இருக்கற டியர்பார்ன் ஊர்ல 1971ல தொடங்கின, அரபுக் குடும்பங்களுக்கு உதவற ஆக்சஸ் (ACCESS) அமைப்பை வளர்த்ததுல அலியா ஹசனுக்குப் பெரிய பங்கு உண்டு. பாலஸ்தீனப் பெற்றோருக்கு டெட்ராய்ட்ல பொறந்த ரஷீதா தலீப் 2019ல அமெரிக்க நாடாளுமன்றத்துல பதவியேத்தப்ப, எம்பிராய்டரி போட்ட பாலஸ்தீன அங்கிலதான் போய் நின்னாங்க. ஆபீஸ்காரர்கிட்ட அந்த போட்டோவையும் காட்டுங்க.