திதிச் சாப்பாடும் இரவுப் பணியாளர் சம்பளமும்

வணக்கம் ஐயா,

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பா திதிக்கு வருடாவருடம், வீடற்றவர்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொடுப்போம். இந்த முறை, "அன்றைக்கு மதியத்துக்கு ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணத்தை ராத்திரி வேலை பார்க்கிற அம்மாவின் சம்பளத்துக்குத் தர முடியுமா?" என்று கேட்டார்கள். மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. சம்பளத்துக்குக் கொடுப்பது அன்னதானம் ஆகுமா? பணமாகக் கொடுத்தால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும் என்கிறார் என் வீட்டுக்காரர். இன்னொன்று. ரயில் நிலையத்தின் பக்கம் சில வாரங்களாக ஒருவர் இருக்கிறார். தமிழும் புரியவில்லை, மலையாளமும் புரியவில்லை. தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். சாப்பாடு கொடுக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பணத்தைச் சம்பளத்துக்கே கொடுங்கள். கொடுக்க வருகிறவரிடம் இப்படி வாய்திறந்து கேட்பது சுலபமில்லை, கிடைக்கிற சாப்பாடும் நின்றுவிடுமோ என்று பயப்படுவார்கள். கேட்டிருக்கிறார்கள் என்றால் தேவை அவ்வளவு இருக்கிறது.

உங்கள் ஊரையே பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியில் ஐயப்ப பக்தர்களுக்கு அன்னதானம் நடக்கிறது. ரோட்டோரம் கிடப்பவருக்கும் அதில் ஒரு இலை கிடைத்துவிடும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலுக்கு வரும் கூட்டத்தில் யாராவது ஏதாவது கொடுப்பார்கள். பங்குனி வெயிலில்? திதி, பிறந்தநாள், கல்யாண நாள், எல்லாமே மதியச் சாப்பாடுதான். ஒரே மதியத்துக்கு மூன்று குடும்பங்கள் பிரியாணி கொண்டுவந்து இறக்க, மிஞ்சிய பொட்டலம் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகிறது. மறுநாள் இரவுக் கஞ்சிக்கு அரிசி இருக்கிறதா என்று அதே இல்லத்தில் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவின் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நனைந்த துணியை மாற்ற வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு நடு ராத்திரியில் வியர்த்துக்கொட்டினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். மனநல மாத்திரையைத் துப்பிவிடுகிறவரிடம் பக்குவமாகப் பேசி விழுங்கவைக்க வேண்டும், நாலு நாள் விட்டுப்போனாலே பழைய நிலைமை திரும்பிவிடலாம். பெரியவர்களுக்கான டயப்பர், சோப்பு, உள்ளாடை, வண்டிக்கு டீசல், இறந்துபோனால் அடக்கச் செலவு இவற்றுக்கெல்லாம் யாரும் தேதி குறித்துக்கொண்டு வருவதில்லை. நீங்கள் போட்ட சோறு ஒருவர் உடம்பில் ஒட்ட வேண்டும் என்றால் இதெல்லாம் நடக்க வேண்டும். இந்தச் சம்பளம் அன்னதானத்தில் சேர்த்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கேரளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த டி.ஒய்.எஃப்.ஐ. என்ற அமைப்பின் இளைஞர்கள் பொதிச்சோறு, அதாவது பொட்டலச் சோறு, கொடுக்கிறார்கள். இன்ன நாள் இன்ன பகுதியின் முறை என்று பிரித்துக்கொண்டு, அந்தப் பகுதி வீடுகளில் சமைப்பதிலேயே ஒரு பொதியை வாழையிலையில் கட்டி வாங்கிக்கொள்கிறார்கள். கட்சி பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், எல்லாரும் ஒரே நாளில் வந்து குவியாமல் நாளைப் பிரித்துக்கொண்டது பெரிய விஷயம். உங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து "பங்குனி, சித்திரை இரவுச் சாப்பாடு எங்களுடையது" என்று சொன்னால் அந்த இல்லத்துக்கு எவ்வளவு நிம்மதி!

அரசு செய்யாதா என்று கேட்பார்கள். செய்யத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெருநகரங்களை வைத்து. செங்கோட்டை மாதிரிச் சின்ன ஊரில் ஆதரவற்றவருக்குப் பெரும்பாலும் இந்த மாதிரி இல்லங்கள்தான் கதி.

உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. மதியப் பந்தி நேரத்தில் போகாமல் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு இருவரும் போய்ப் பாருங்கள். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். யார் எப்போது வந்தார், யார் வீடு திரும்பினார் என்ற பதிவேட்டையும் கேளுங்கள், நல்ல இல்லத்தில் அது இருக்கும். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிக்கழிவும் கிடையாது. தட்டை நீட்டுகிறவரின் முகத்தைப் படமெடுத்துப் போடுகிற இடமாக இருந்தால் வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

ரயில் நிலையத்தில் இருப்பவர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையத்தின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல்போனவராகப் பதிவு செய்து குடும்பத்தைத் தேட வேண்டும். இரண்டு பேராகப் போய் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தமிழ்நாட்டில் சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இவர்களுக்கென்றே மீட்பு மையங்கள் இருக்கின்றன, அருகில் எங்கே என்று மருத்துவமனையில் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் கேட்கலாம். "கொல்லம் வண்டியில் ஏற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். எல்லை தாண்டி இறக்கிவிடப்பட்டவரை அவர் வீட்டார் தேடிக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

போவதற்கு முன், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பையன்கள் யாரையாவது அழைத்துப்போய் அவரிடம் பேசச் சொல்லுங்கள். ஏதாவது ஊர்ப் பெயர் அவர் வாயில் வந்தால் அதை அப்படியே மனுவில் எழுதிவிடுங்கள்.