ஒரு பிஸ்கட்டுக்காகவா வில்லெம் டிரேஸைக் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி: ஒல்லாந்தின் பழைய பிரதமர் வில்லெம் டிரேஸ், வந்த விருந்தாளிக்குத் தேநீருடன் ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்தாராமே? இந்தக் கஞ்சத்தனத்துக்காகவா அவரை இன்னும் பெரிய மனிதர் என்கிறார்கள்?

"கஞ்சத்தனம்" என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் ஒருவராக இருக்க வேண்டும். யாரோ உங்களுக்கு இதை வெறும் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கதை இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சேதமடைந்த ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்ட உதவி தொடர்பாக வந்த அமெரிக்கர்கள், டென்ஹாக்கில் பேக்லான் தெருவில் இருந்த அவருடைய சாதாரண வீட்டுக்குப் போனார்களாம். அவருடைய மனைவி தேநீரும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் வைத்தாராம். பிரதமரே இப்படி வாழ்கிற நாட்டில் நம் பணம் வீண்போகாது என்று வந்தவர்கள் முடிவுசெய்தார்களாம். இது நடந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. நடந்தே இருந்தாலும், இங்குள்ள முதியவர்கள் அவரை "அப்பா டிரேஸ்" என்று சொன்னது இதற்காக அல்ல.

நான் டென்ஹாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உணவு கொடுப்பது எல்லாம் செய்திருக்கிறேன். (இது ஆண்பிள்ளை செய்யும் வேலையா என்று நம் ஆட்களே என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர்களுடைய பெற்றோரை இப்போது பார்த்துக்கொள்வதும் என்னைப் போன்றவர்கள்தான்.) அங்கே ஸ்கெவெனிங்கன் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். நான் கால் கழுவித் துடைத்து முடித்ததும் தகர டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் தருவார். உடனே மூடியை அழுத்தி மூடிவிடுவார். ஒருநாள் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே அவர் சொன்னது இது.

1947இல் அவருக்குப் பத்து வயது. அப்பாவின் தாயார் அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். சாப்பாட்டு மேசையில் பாட்டி எப்போதும் கடைசியாகத்தான் பரிமாறிக்கொள்வாராம். இரண்டாவது உருளைக்கிழங்கை யாராவது எடுத்துக்கொள்ளச் சொன்னால்தான் எடுப்பாராம். அந்த ஆண்டு குளிர்காலத்துக்கு முன் பாட்டிக்கு முதல் பணம் வந்தது. அதை எண்ணி, ஒரு பங்கைப் பிரித்து, மருமகளின் முன்னால் மேசைமேல் வைத்து, "இது என் பங்கு நிலக்கரிக்கு" என்றார். அன்று இரவு யாரும் சொல்லாமலே இரண்டாவது கிழங்கை எடுத்தார். சொல்லிவிட்டு அந்த அம்மா தன் கையை நீட்டி, பாட்டி கிழங்கை எடுத்த விதத்தை எனக்குச் செய்து காட்டினார்.

அந்தப் பணம் டிரேஸ் சமூக விவகார அமைச்சராக இருந்தபோது முதியவர்களுக்காகக் கொண்டுவந்த அவசரச் சட்டத்தில் வந்தது. 1947 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு முதியவர்கள் ஓய்வூதியம் வாங்குகிறேன் என்று சொல்லவில்லை, "டிரேஸிடமிருந்து எடுக்கிறேன்" என்றே சொன்னார்கள். பெரிய பெரிய தலைவர்களுக்குச் சிலை உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சனங்களின் அன்றாடப் பேச்சில் ஒருவருடைய பெயரே பென்சனுக்குப் பெயராகிப் போவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், என் அம்மா எனக்கு எழுதிய கடிதங்கள். அரச உத்தியோகம் பார்த்தவர்கள் வீட்டில்தான் எங்கள் ஊரில் பென்சன். என் அப்பா கூலிக்குப் போனவர், அவர் போன பிறகு அம்மாவுக்கு நான்தான் வருமானம். ஒவ்வொரு கடிதத்திலும் பணம் என்ற சொல்லுக்கு முன்னால் "உனக்குக் கஷ்டம் இல்லாவிட்டால்" என்று எழுதுவார். பெற்ற மகனிடம் கேட்பதற்கு அந்த முன்னுரை. நான் ஒருமுறைகூட அனுப்பாமல் இருந்ததில்லை, ஆனாலும் அந்த வரி கடைசிவரை நிற்கவில்லை. பின்னறைப் பாட்டியின் கதையைக் கேட்ட அன்று வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த வரிதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

டிரேஸும் இதையெல்லாம் தெரிந்து வளர்ந்தவர். 1886இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார், ஐந்து வயதில் தந்தையை இழந்தார். முதலில் வங்கியில் வேலை, பிறகு சுருக்கெழுத்து. 1907 முதல் 1919 வரை நாடாளுமன்றத்தில் மற்றவர்கள் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர், பின்னாளில் அதே இடத்தில் 1948 முதல் 1958 வரை பிரதமராக இருந்தார். நடுவில் 1940இல் ஜெர்மானியர் அவரைப் பணயக் கைதியாகப் புக்கன்வால்ட் வதைமுகாமுக்குக் கொண்டுபோய் ஒரு வருடம் வைத்திருந்தார்கள். 101 வயது வாழ்ந்து 1988இல் இறந்தார்.

இனி வரப்போகும் எதிர்ப்புக் கருத்துகளுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தின் காலனியாக இருந்து விடுதலைக்குப் போராடிய இந்தோனேசியாவை நான் மறைக்கவில்லை. 1948 டிசம்பரில் அங்கே இரண்டாவது இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது பிரதமர் இவர்தான். அந்தப் போரில் ஒல்லாந்துப் படை செய்த கொடுமைகளுக்கு 2022இல்தான் ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்டார். போரிலிருந்து ஓடிவந்த நான் அதைச் சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டேன். அதுபோல, 1957 ஜனவரி 1இல் வந்த நிரந்தர ஓய்வூதியச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவருடைய அமைச்சர் சூர்ஹொஃப் என்பதும் தெரியும். அந்த ஓய்வூதியத்தில் மணமான பெண்களுக்குத் தனி உரிமை 1985இல்தான் வந்தது என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் அவரைப் பெரிய மனிதர் என்கிறேன்.

1947 சட்டத்தில் வேறு வருமானம் உள்ளதா என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். 1957இல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள், பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே உரிமை. அதனால்தான் இப்போது என் மனம் எரிகிறது. இந்த ஓய்வூதியம் ஓய்வு வயதுக்கு முந்தைய 50 வருடத்தில் இங்கே வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதமாகச் சேருவது. நான் 33 வயதில் வந்தவன். 67 வயதில் எனக்குச் சேர்ந்திருப்பது 68 சதவீதம். மீதியை நிரப்ப உதவித்தொகை உண்டு, ஆனால் அதற்கு வருமானம், சொத்து எல்லாம் காட்ட வேண்டும், ஊரில் இருக்கும் காணி உட்பட. வருடத்துக்கு 13 வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கவும் முடியாது. வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒல்லாந்தருக்கும் இதே வெட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அந்த 16 வருடத்தை உல்லாசப் பயணத்தில் கழிக்கவில்லை. அம்மா இறந்த வீட்டின் காணிப் பத்திரத்தை ஒரு படிவத்துடன் இணைத்து அனுப்பிய அன்று, 1947ஆம் ஆண்டின் அந்தப் பழைய கேள்வி எனக்கு மட்டும் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

உங்கள் அப்பாவும் அம்மாவும் எந்த வயதில் இங்கே வந்தார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். ஓய்வு வயது வரை எத்தனை வருடம் என்று எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள். நூறுக்கு எவ்வளவு குறைகிறதோ அதை அவர்கள் உங்களிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.