‘இபு’ என்றால் அம்மாவா, மேடமா?

கேள்வி: வேலைக்காக இந்தோனேசியாவின் சுரபாயாவுக்குப் போகிறேன். வங்கிப் படிவத்தில் ‘நாமா இபு கண்டுங்’ என்றொரு கட்டம். “இபு என்றால் திருமதி, மனைவி பெயரைப் போடுங்க” என்கிறார் ஏஜென்ட். போன் மீட்டிங்கில் எல்லோரும் பெண் மேலாளரை ‘இபு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எது சரி? இது தமிழ்ச் சொல்லா?

பதில்: மனைவி பெயரை எழுதிவிடாதீர்கள். கேட்பது உங்களைப் பெற்ற அம்மாவின் பெயரை. ‘கண்டுங்’ என்பது வயிற்றில் சுமந்த உறவைக் குறிக்கும். உடன்பிறந்தவரையும் ‘சவுடாரா கண்டுங்’ என்பார்கள். மாற்றாந்தாய் ‘இபு தீரி’, மாமியார் ‘இபு மெர்துவா’.

ஏஜென்ட் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் வம்பு. வயதோ பதவியோ உள்ள பெண்ணை, கல்யாணம் ஆகாதவராக இருந்தாலும், இபு என்று மரியாதையாக அழைப்பார்கள். அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு ‘மொழிபெயர்ப்புக் கட்டணம்’ வாங்குகிறவர்களுக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள். மூன்று சொல், அவ்வளவுதான்.

சில படிவங்களில் ‘நாமா காடிஸ் இபு கண்டுங்’ என்றிருக்கும். காடிஸ் என்றால் கன்னிப்பெண். அதாவது அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். நம்மவர்கள் வழுக்குவது இங்கேதான். நம் அம்மாக்களுக்குக் கல்யாணத்தோடு இனிஷியல் மாறிவிடுகிறது. ஆர். சரஸ்வதி, எம். சரஸ்வதி ஆகிவிடுவார். இனிஷியல் வேண்டுமா என்று வங்கியிலேயே கேளுங்கள். எழுதிய எழுத்துக்கூட்டலை அப்படியே குறித்து வையுங்கள். கார்டு தொலைந்து போன் செய்தால் அவர்கள் கேட்பது இதைத்தான். ஓர் எழுத்து பிசகினாலும் தலைவலி. அந்நாட்டுக் குடும்ப அட்டையிலேயே அச்சாகி, ஜெராக்ஸ் கடை வரை சுற்றும் பெயரை ரகசியக் கேள்வியாக வைத்திருக்கும் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

தமிழ்ச் சொல்லா என்றால், இல்லை. கப்பல் ‘கப்பால்’ ஆனது, கடை ‘கெடாய்’ ஆனது. அவை நாம் கொடுத்தவை. இபு அவர்களுடையதே. ‘இபு பெர்திவி’ என்னும் தாய்நாட்டில்கூட பெர்திவிதான் சமஸ்கிருதப் பிருத்வி. கட்டைவிரல் ‘இபு ஜாரி’, விரல்களுக்கெல்லாம் அம்மா. தலைநகரம் ‘இபு கோத்தா’.

மேலாளரை நீங்களும் ‘இபு’ என்றோ, சுருக்கி ‘பு’ என்றோ பெயருக்கு முன்னால் சேர்த்துக் கூப்பிடலாம். நாளை கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தால் பழக்கதோஷத்தில் அங்கேயும் ‘இபு’ என்றுவிடாதீர்கள். மலேசிய ஆபீஸ்களில் ‘புவான்’.